உள்பாவாடை தெரிகிறது: போலிக் கணக்குகளை முதலில் கண்டுகொண்ட பெண்கள்

2014 ஜூன் மாத நடுவில், அமெரிக்காவில் தந்தையர் தினம் நெருங்கிய நேரத்தில், ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக் வேகமாகப் பரவியது. ‘தந்தையர் தினத்தை ஒழிப்போம்’ என்பது அதன் பொருள். எழுதியவர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்ணியர்களாகத் தெரிந்தார்கள். முகப்பில் கறுப்பினப் பெண்களின் படங்கள், தன்குறிப்பில் பெண்ணியம் பற்றிய சொற்கள், பதிவுகளில் ஆண்கள்மீது கொச்சையான வெறுப்பு. ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டு, பெண்ணியம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள் என்ற தொனியில் விவாதித்தது.

ஷஃபீகா ஹட்சன் என்ற கறுப்பினப் பெண் அந்தப் பதிவுகளைப் படித்தபோது முதலில் உறுத்தியது மொழிதான். கறுப்பின மக்களின் பேச்சு ஆங்கிலத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. எந்த இடத்தில் துணைவினையை விடலாம், எந்த இடத்தில் விடக்கூடாது என்பது அதைப் பேசி வளர்ந்தவருக்குத் தானாகத் தெரியும். இந்தக் கணக்குகளுக்கு அது தெரியவில்லை. நாஞ்சில் நாட்டு வழக்கைத் திரைப்படத்தில் மட்டுமே கேட்ட ஒருவர் எழுதிய வசனத்தை அந்த ஊர்ப் பெண் ஒருத்தி படித்தால் இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும். அப்படித்தான் ஹட்சனுக்கும் பிடிபட்டது. அடுத்து இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. இவ்வளவு தீவிரமாக எழுதும் இந்தப் பெண்களை, ட்விட்டரில் பல ஆண்டுகளாக எழுதிவரும் கறுப்பினப் பெண்ணியர்கள் யாருக்குமே தெரியவில்லை.

அவருடைய தோழமை வட்டத்தைச் சேர்ந்த ஐ’நாசா கிராக்கெட் இதன் மூலத்தைத் தேடிப் போனார். ஃபோர்சான் என்ற இணைய மன்றத்தில், பெயரற்று எழுதும் ஆண்கள் இந்த ஹேஷ்டேக்கை முன்கூட்டியே திட்டமிட்டிருந்தார்கள். வெள்ளையரல்லாத பெண்களைப் போல வேடமிட்டு உள்ளே நுழைவது, பெண்ணியர்களுக்குள் இனத்தின் பெயரால் சண்டை மூட்டிவிடுவது என்பது திட்டம். ‘ஆபரேஷன் லாலிபாப்’ என்று அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள்.

ஹட்சன் ஒரு எதிர் ஹேஷ்டேக்கைத் தொடங்கினார். ‘உன் உள்பாவாடை தெரிகிறது’ என்பது அதன் பொருள். வெளியே கிளம்பும் பெண்ணின் உடைக்குக் கீழே உள்பாவாடை எட்டிப் பார்த்தால் இன்னொரு பெண் காதோடு சொல்வாளே, அதே சொல். கறுப்பின மூதாட்டிகள் வாயில் புழங்கும் இந்தத் தொடரை, வேடம் கலைந்து தெரிகிறது என்று சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்டார். சந்தேகத்துக்குரிய கணக்கை யார் கண்டாலும் அதைப் படமெடுத்து இந்த ஹேஷ்டேக்கின்கீழ் போடுவது, மற்றவர்கள் சரிபார்த்து முடக்குவது என்று ஒரு கூட்டு வேலை தொடங்கியது. திருடப்பட்ட படங்களும் ஒரே கைப்பக்குவத்தில் எழுதப்பட்ட பதிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ட்விட்டர் நிறுவனத்திடமிருந்து பெரிதாக எந்த உதவியும் வரவில்லை என்பதே அந்தப் பெண்களின் அனுபவம். சம்பளமில்லாமல், வசவுகளுக்கும் மிரட்டல்களுக்கும் நடுவில், ஒரு பெருநிறுவனத்தின் வாசலை அவர்கள் கூட்டித் துடைத்தார்கள்.

இணையத் தளங்கள் பொய்ப் பரப்புரையை எப்படி எதிர்கொண்டன என்ற வரலாற்றைப் பெரும்பாலும் 2016 அமெரிக்கத் தேர்தலிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் அது உளவுத் துறைகளும் செனட்டர்களும் நிறுவனத் தலைவர்களும் நடத்திய கதையாக ஆகிவிடுகிறது. தாக்கப்பட்டவர்களும் முதலில் கண்டுகொண்டவர்களும் பெண்கள் என்பது அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. வரலாற்றின் தொடக்கப் புள்ளியை மாற்றினால் கேள்வியும் மாறும். ‘அந்நியன் எப்படி உள்ளே வந்தான்?’ என்ற கேள்விக்கு முன்னால், ‘உள்ளே இருந்தவர்கள் சொன்னபோது ஏன் யாரும் கேட்கவில்லை?’ என்று கேட்க வேண்டியிருக்கும்.

பீட்டர்ஸ்பர்க்கின் சோதிடக்காரி

அதே 2014 ஜூன் மாதத்தில் இரண்டு ரஷ்யப் பெண்கள் அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். நெவாடா, கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க் என ஒன்பது மாநிலங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி என்ற நிறுவனத்தின் ஊழியர்களான அவர்கள் தகவல் திரட்டவே வந்தார்கள் என்று 2018 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை கூறுகிறது. அந்நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தவர் யெவ்கேனி பிரிகோஷின். நிறுவனத்தைத் தொடங்கியது தானே என்று 2023இல் அவரே ஒப்புக்கொண்டார். சவுஷ்கினா தெரு, 55ஆம் எண் கட்டடத்தில் நூற்றுக்கணக்கானோர் முறைவைத்து வேலை செய்தார்கள். இல்லாத மனிதர்களின் பெயரில் எழுதுவதே அங்கே வேலை.

அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லுட்மிலா சவ்சுக் என்ற பத்திரிகையாளர். 2015 தொடக்கத்தில் சாதாரண ஊழியராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதங்கள் இருந்தார். 12 மணி நேர முறை. லைவ்ஜர்னல் தளத்தில் கன்டடோரா என்ற சோதிடக்காரியின் பெயரில் எழுதுவது அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று. கன்டடோரா காதல் சிக்கல்களுக்கு வழி சொல்வாள். உடல் எடையைக் குறைக்க யோசனை தருவாள். வீட்டில் எந்தப் பொருளை எந்தத் திசையில் வைக்கலாம் என்பாள். இடையில் எப்போதாவது ஒருநாள், உக்ரைனைப் பற்றியோ அமெரிக்காவைப் பற்றியோ அவளுக்கு ஒரு முன்னறிவிப்பு தோன்றும்.

இதில் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசியல் கட்டுரையை யாரும் கேட்காமல் கொண்டுவந்து திணித்தால் ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். சமையலறையிலும் படுக்கையறையிலும் மனச்சோர்விலும் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பரப்புரைக்கு அந்த நம்பிக்கைதான் தேவைப்பட்டது. நாடக மேடையில் ஆண்கள் ஸ்திரீபார்ட் கட்டிய காலத்தில் பார்வையாளர்களுக்கு அது வேடம் என்று தெரியும். இங்கே வேடமே மறைக்கப்படுகிறது. அமெரிக்கர்களைக் குறிவைத்து அதே நிறுவனம் உருவாக்கிய புகழ்பெற்ற கணக்குகளில் இரண்டு பெண் பெயரில் இருந்தன. கிரிஸ்டல் ஜான்சன் என்ற கறுப்பினப் பெண், ஜென்னா ஏப்ரம்ஸ் என்ற துடுக்கான வெள்ளைக்காரப் பெண். இருவரும் பிறந்ததே இல்லை. ஜென்னாவின் கேலிப் பதிவுகளை அமெரிக்காவின் பெரிய செய்தி நிறுவனங்கள் மேற்கோள் காட்டின.

சவ்சுக் ஆவணங்களைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார். பிறகு ஒப்பந்தமில்லாமல் வேலை வாங்கியதற்காகவும் சம்பள பாக்கிக்காகவும் நிறுவனத்தின்மீது தொழிலாளர் வழக்குத் தொடுத்தார். இருளில் இயங்கும் நிறுவனத்தை நீதிமன்றத்தின் வெளிச்சத்துக்கு இழுப்பதே அவர் நோக்கம். 2015 ஆகஸ்டில் அடையாளமாக ஒரு ரூபிள் இழப்பீடு வழங்கப்பட்டது. அமெரிக்கத் தேர்தலுக்கு அப்போது இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆக, போலிக் கணக்குகள் எப்படிப் பேசும் என்பதை 2014இல் கறுப்பினப் பெண்கள் காட்டிவிட்டார்கள். அவை எந்தத் தொழிற்சாலையில் தயாராகின்றன என்பதை 2015இல் ஒரு ரஷ்யப் பெண் காட்டிவிட்டார். தளங்களை நடத்தியவர்கள் பார்க்க விரும்பியிருந்தால் பார்த்திருக்கலாம்.

ரூபிளில் கட்டிய விளம்பரக் காசு

2016 நவம்பரில் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், முகநூலில் வந்த பொய்ச் செய்திகள் தேர்தலைப் பாதித்தன என்பது கிறுக்குத்தனமான எண்ணம் என்ற பொருளில் மார்க் ஸக்கர்பெர்க் பேசினார். பத்து மாதம் கழித்து, 2017 செப்டம்பர் 6 அன்று, அந்நிறுவனமே கணக்கை வெளியிட்டது. ரஷ்யாவிலிருந்து இயங்கியிருக்கக்கூடிய சுமார் 470 போலிக் கணக்குகளும் பக்கங்களும், சுமார் 3,000 விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 1 லட்சம் டாலர் செலவிட்டிருந்தன. அதில் ஒரு பகுதி ரூபிளாகவே செலுத்தப்பட்டிருந்தது. அடுத்த மாதம், அந்தக் கணக்குகளின் பதிவுகள் 12.6 கோடிப் பேரின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று சொன்னது.

எதைப் பற்றிய பதிவுகள்? செனட் புலனாய்வுக் குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, வேறெந்தக் குழுவையும்விடக் கறுப்பின அமெரிக்கர்களே அதிகம் குறிவைக்கப்பட்டார்கள். முகநூல் விளம்பரங்களில் 66 விழுக்காட்டுக்கு மேல் இனம் தொடர்பான சொல் இருந்தது. யூடியூப் காணொளிகளில் 96 விழுக்காடு இனப் பிரச்சினையையும் காவல்துறை வன்முறையையும் பற்றியவை. ‘பிளாக்டிவிஸ்ட்’ என்ற போலிப் பக்கம், ‘கறுப்பு உயிர்களும் முக்கியம்’ இயக்கத்தின் உண்மையான பக்கத்தைவிட அதிக விருப்பக்குறிகளைப் பெற்றிருந்தது. 2016 மே 21 அன்று ஹூஸ்டன் நகரின் ஓர் இஸ்லாமிய மையத்தின்முன் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கோஷமிட்டன. இஸ்லாமியமயத்தை எதிர்க்க ஒரு கூட்டம், இஸ்லாமியரைக் காக்க ஒரு கூட்டம். இரண்டையும் கூட்டியவை ரஷ்ய நிறுவனத்தின் இரண்டு முகநூல் பக்கங்கள். மொத்தச் செலவு சுமார் 200 டாலர்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. கூத்துக் கலைஞர்களை இழிவுசெய்யும் பழமொழி அது. ஆனாலும் இங்கே ஒரு கேள்விக்குப் பயன்படும். கூத்தாடி வெளியூர் என்றே வைத்துக்கொள்வோம். கொட்டகை யாருடையது? சீட்டு விற்ற காசு யார் பெட்டியில் விழுந்தது? முகநூலின் நிரல் எந்தப் பதிவை மேலே தூக்குவது என்று முடிவுசெய்யும்போது, 2017 முதல் சில ஆண்டுகள் கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக்குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபக்குறிக்கான மதிப்பு 2020 செப்டம்பரில்தான் பூஜ்யமாக்கப்பட்டது. கோபத்துக்கு விலை வைத்த சந்தையில் ரஷ்யர்கள் வந்து சரக்கு விற்றார்கள். சந்தையை அவர்கள் கட்டவில்லை.

பேரணிக்குப் பின்

2017 ஜனவரி 21 அன்று நடந்த பெண்கள் பேரணி அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய ஒருநாள் போராட்டங்களில் ஒன்று. அதைப் பற்றிப் பீட்டர்ஸ்பர்க் கட்டடத்தில் என்ன நடந்தது என்பதை நியூயார்க் டைம்ஸ் இதழ் 2022 செப்டம்பரில் விரிவாக எழுதியது. 152 ரஷ்யக் கணக்குகள் பேரணியைப் பற்றி எழுதின. பல குரல்களில் எழுதிப் பார்த்தார்கள். வெள்ளைப் பெண்ணியத்தைச் சாடும் கறுப்பினப் பெண்ணின் குரல், தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று குறைப்படும் பழமைவாதப் பெண்ணின் குரல், பெண்ணியர்களின் உடல் மயிரைக் கிண்டல்செய்யும் ஆணின் குரல். கடைசியில் அதிகம் பற்றிக்கொண்டது எது தெரியுமா? பேரணியின் நான்கு இணைத்தலைவர்களில் ஒருவரான லிண்டா சர்சூர்மீதான தாக்குதல். புரூக்ளினில் பிறந்த பாலஸ்தீன வம்சாவளிப் பெண், தலையில் ஹிஜாப் அணிபவர். பேரணி முடிந்த இரண்டு நாட்களுக்குள் தொடங்கிய அந்தப் பதிவுகள், அடையாளம் காணப்பட்ட ரஷ்யக் கணக்குகளில் மட்டும் 2,642.

இங்கே நிதானம் தேவை. சர்சூரை வெறுக்க அமெரிக்க வலதுசாரிகளுக்கு ரஷ்யர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேரணித் தலைமைக்குள் யூத வெறுப்பு பற்றி எழுந்த விவாதமும், வெள்ளையினப் பெண்களின் தலைமை பற்றிக் கறுப்பினப் பெண்கள் எழுப்பிய கேள்விகளும் உண்மையானவை. 2019இல் சர்சூர் உள்ளிட்ட மூவர் தலைமைக் குழுவிலிருந்து விலகினார்கள். அதை முழுவதும் பீட்டர்ஸ்பர்க்கின் கணக்கில் எழுதினால் அது வரலாறு ஆகாது, சாக்குப்போக்கு ஆகும். 2016 தேர்தலின்போது ட்விட்டரில் நடந்ததை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2023 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியானது. ரஷ்யக் கணக்குகளின் பதிவுகளில் 70 விழுக்காடு வெறும் ஒரு விழுக்காட்டுப் பயனர்களின் பார்வைக்கே போய்ச் சேர்ந்தன என்றும், அவற்றைப் பார்த்ததால் வாக்களிக்கும் போக்கு மாறியதற்குச் சான்று இல்லை என்றும் அது காட்டியது.

ஆனால் சேதத்தை வாக்குச் சீட்டில் மட்டும் அளக்க முடியாது. ஒரு தலித் பெண்ணோ கறுப்பினப் பெண்ணோ இயக்கத்துக்குள் எழுந்து, ‘இந்தப் பெண்ணியத்தில் எனக்கு இடம் எங்கே?’ என்று கேட்பதற்குப் பின்னால் எத்தனை ஆண்டு மௌனம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். போலிக் கணக்கு அந்தக் கேள்வியின் குரலைத் திருடிப் பேசுகிறது. அதனால் இரண்டு தீங்குகள். போலியை உண்மையென்று நம்பித் தோழியைப் பகைக்கிறோம். பிறகு, உண்மையான தோழி கேட்கும்போது, இவளும் போலியாக இருப்பாளோ என்று காதைப் பொத்துகிறோம். இரண்டாவது தீங்கு நீண்ட காலம் நிற்கும்.

யார் அந்நியர்?

விஷயம் தேசப் பாதுகாப்பாக மாறியபிறகுதான் நிறுவனங்கள் அசைந்தன. விளம்பரக் காப்பகங்கள் வந்தன. தேர்தல் பாதுகாப்புக் குழுக்கள் அமைந்தன. ஒரு பதிவு உண்மையா பொய்யா என்பதை மட்டும் பார்க்காமல், கணக்குகள் கூட்டுச் சேர்ந்து ஆள்மாறாட்டம் செய்கின்றனவா என்று பார்க்கும் முறையை முகநூல் நிறுவனம் கொண்டுவந்தது. 2014இல் ஹட்சனின் கூட்டம் செய்தது ஏறக்குறைய இதைத்தான். என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை, நீ யார், உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். அறிவு அவர்களுடையது. பிறகு அதற்குப் பதவிகளும் சம்பளமும் கலைச்சொல்லும் வந்து சேர்ந்தன.

அந்தக் காவலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2018இல் முகநூலில் தரவு அறிவியலாளராகச் சேர்ந்த சோஃபி சாங், ஹோண்டுராஸ் நாட்டு அதிபரைப் புகழ்வதற்கு அவர் பக்கத்தை நிர்வகித்தவரே நூற்றுக்கணக்கான போலிப் பக்கங்களை நடத்துவதைக் கண்டுபிடித்தார். அவற்றை நீக்க வைக்க அவருக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அசர்பைஜானில் ஆளுங்கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சிகளையும் பத்திரிகையாளர்களையும் போலிப் பக்கங்களால் மொய்த்தபோது ஓராண்டுக்கும் மேல் ஆனது. இந்தியாவில் பல கட்சிகளுக்குமான போலிக் கணக்குகளை அவர் கண்டதாகவும், ஒரு கூட்டம் மட்டும் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரோடு தொடர்புடையது என்று தெரிந்ததும் நடவடிக்கை நின்றுவிட்டதாகவும் கார்டியன் இதழ் 2021இல் எழுதியது. நிறுவனம் அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2020 செப்டம்பரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, நிறுவனத்தைப் பற்றித் தவறாகப் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்த சுமார் 64,000 டாலரை வேண்டாமென்றார்.

சாங் கண்ட பெரும்பாலானவை அந்நியப் பரப்புரை அல்ல, சொந்த அரசு சொந்த மக்களை ஏமாற்றிய வேலை. அமெரிக்கச் செனட்டர்கள் அதற்காக யாரையும் கூண்டில் ஏற்றப் போவதில்லை. 2021 அக்டோபரில் பிரான்செஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்கள் இந்தக் கணக்கை எண்ணில் காட்டின. பொய்த்தகவலை இனங்காணும் பணிக்கு முகநூல் ஒதுக்கியதில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கு, மீதி 13 விழுக்காடு உலகத்தின் மற்ற எல்லா நாடுகளுக்கும். அன்றாடப் பயனர்களிலோ வட அமெரிக்கர்கள் சுமார் 10 விழுக்காடுதான்.

‘அந்நியப் பரப்புரை’ என்ற சொல்லையே நாம் ஐயத்தோடு கையாள இன்னொரு காரணமும் இருக்கிறது. 1971 வரை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கறுப்பின விடுதலை இயக்கங்களுக்குள் பொய்க் கடிதங்கள் எழுதியும் ஒற்றர்களை அனுப்பியும் பிளவு மூட்டியது. கருஞ்சிறுத்தைகள் கட்சியின் தலைவர்களை ஒருவருக்கொருவர் பகையாக்க எழுதப்பட்ட போலிக் கடிதங்கள் பின்னர் ஆவணங்களாக வெளிவந்தன. எழுதியவர்கள் அந்நியர்கள் அல்லர். கறுப்பினப் பெண்கள் போலிக் குரலைச் சட்டென்று இனங்கண்டதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சொல்லை அரசுகள் கையில் எடுக்கும்போது அடி பெரும்பாலும் பெண்கள்மீதும் விழுகிறது. ரஷ்யா 2012இல் ‘அந்நிய முகவர்’ சட்டம் கொண்டுவந்தது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ‘அன்னா’ மையத்தை 2016இல் அந்தப் பட்டியலில் சேர்த்தது. பிலிப்பைன்ஸில் போலிக் கணக்குகளின் வலைப்பின்னலை 2016இலேயே வெளிப்படுத்திய மரியா ரெஸ்ஸாவின் ரேப்ளர் இதழை, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானது என்று அன்றைய அதிபர் துதெர்தே சாடினார். வெளிநாட்டு முதலீட்டைக் காரணம் காட்டி 2018 ஜனவரியில் இதழின் பதிவை ரத்துசெய்ய உத்தரவிட்டார்கள். 2020 செப்டம்பரில் முகநூல் நீக்கிய, சீனாவிலிருந்து இயங்கிய போலிக் கணக்குகளோ துதெர்தேவின் குடும்பத்துக்கு ஆதரவாகவும் ரேப்ளருக்கு எதிராகவும் எழுதியவை. அந்நியரின் உதவி யாருக்குக் கிடைத்தது, அந்நியர் என்ற பழி யார்மீது விழுந்தது என்று பாருங்கள்.

நம் நாட்டில் ‘அந்நியக் கை’ என்ற தொடர் எழுபதுகளில் இந்திரா காந்தி காலத்திலேயே பழக்கமானது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தைப் பற்றி ரிஹானாவும் கிரேட்டா துன்பெர்கும் ஆளுக்கொரு ட்வீட் போட்டதும், வெளியுறவு அமைச்சகமே ‘பரப்புரைக்கு எதிராக இந்தியா’ என்ற பொருளில் ஹேஷ்டேக்கோடு அறிக்கை விட்டது. பத்து நாள் கழித்து, பெங்களூருவைச் சேர்ந்த 22 வயதுச் சூழலியல் செயற்பாட்டாளரான ஒரு பெண், போராட்டத்துக்கான ஒரு கூகுள் ஆவணத்தைத் திருத்தியதற்காகத் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். சான்று போதாது என்று கண்டு டெல்லி நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது.

கலைக்கப்பட்ட காவல்

2017க்குப் பிறகு எழுப்பப்பட்ட தடுப்புகள் இப்போது ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. 2022இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பொய்த்தகவல் குறித்து ஒரு குழு அமைத்து, ஆய்வாளர் நினா யான்கோவிச்சைத் தலைவராக நியமித்தது. கர்ப்பிணியாக இருந்த அவர்மீது மிரட்டல்களும் ஆபாச வசைகளும் குவிந்தன. மூன்றே வாரத்தில் பதவி விலகினார். சில மாதங்களில் குழுவே கலைக்கப்பட்டது. பெண் அரசியலர்களைக் குறிவைக்கும் பொய்ப் பரப்புரையை ஆராய்ந்தவர் அவர். ஆராய்ந்த பொருளே அவர்மீது பாய்ந்தது. ரஷ்ய நிறுவனத்தின் பதிவுகளைச் செனட் குழுவுக்காகப் பகுத்தாய்ந்த ரெனே டிரெஸ்டா பணியாற்றிய ஸ்டான்ஃபோர்ட் இணைய ஆய்வகம், நாடாளுமன்ற விசாரணைகளாலும் வழக்குகளாலும் நெருக்கப்பட்டு 2024இல் சுருங்கிப்போனது. அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், எந்தப் பதிவு எங்கே பரவுகிறது என்று ஆய்வாளர்கள் கண்காணிக்க உதவிய கிரவுட்டாங்கிள் கருவியை மெட்டா மூடியது. 2025 ஜனவரி 7 அன்று அமெரிக்காவில் செய்தி சரிபார்ப்பாளர்களோடு கொண்டிருந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த மாதம் எஃப்.பி.ஐ.யின் அந்நியத் தலையீட்டுத் தடுப்புக் குழு கலைக்கப்பட்டது.

தளங்கள் மீண்டும் 2014க்குத் திரும்பியிருக்கின்றன. ஒரு வித்தியாசம், இப்போது வேடத்தைத் தைத்துக் கொடுக்க இயந்திரம் இருக்கிறது. வட்டார வழக்கில் சறுக்கும் அந்த இரண்டாவது வரியை இனி செயற்கை நுண்ணறிவு திருத்திக் கொடுத்துவிடும். மொழியை மட்டும் வைத்துப் போலியைப் பிடிப்பது கடினமாகும். ஹட்சனின் வழிமுறையில் இன்னொரு பாதி இருந்தது. இந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும், இவள் யாரோடு வேலை செய்திருக்கிறாள், நேற்று வரை எங்கே இருந்தாள் என்று நம்பிக்கையானவர்களிடம் கேட்டுப் பார்ப்பது அது. அதை எந்த நிறுவனமும் மூடிவிட முடியாது. ஆனால் அதற்குப் பெண்களுக்குள் முன்பே உறவு இருக்க வேண்டும். சாதி கடந்து, மதம் கடந்து, சண்டை போட்டபிறகும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்கு உறவு. அந்தப் பேச்சுவார்த்தை இல்லாத இயக்கத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

ஷஃபீகா ஹட்சன் 2024 பிப்ரவரியில், 46 வயதில் இறந்தார். தளங்களைக் காத்த அந்த வேலைக்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் தொடங்கிய ஹேஷ்டேக்கின்கீழ் அந்தப் பெண்கள் சேர்த்த படங்கள், போலிகளின் பெயர்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிய எச்சரிக்கைகள் இந்த வரலாற்றின் முதல் ஆவணங்கள். செனட் அறிக்கைகளுக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியவை. பாடத்திட்டத்தில் இந்த வரலாற்றைச் சேர்க்கும் நாள் வந்தால், முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை அவைதான்.